நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு நாள்: எந்தப் பிளாண்டேஷன் வீட்டுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாம்?

#1 ஆலைக்காரர்_மகன்

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். நவம்பர் முதல் வாரம் நியூ ஆர்லியன்ஸில் மூன்று நாள் இருப்போம். அதில் ஒரு நாள் மிசிசிப்பிக் கரையில் இருக்கும் பழைய பிளாண்டேஷன் (அடிமைகளை வைத்துப் பயிர் செய்த பெரிய தோட்டம்) ஒன்றைக் கைடோடு சுற்றிப் பார்க்கலாம் என்று எண்ணம். தேடினால் ஓக் ஆலி, லாரா, விட்னி, டெஸ்ட்ரெஹான் என்று வரிசையாக வருகிறது. எல்லாப் படத்திலும் வெள்ளைத் தூண், பெரிய மரம்.

அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் 31 வருடம் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்பு என்று சொன்னால் எங்கே வேண்டுமானாலும் வருவார். அம்மா அசைவம் தொட மாட்டார். ஒரே நாளில் இரண்டு இடம் பார்க்கும் பஸ் டூர் இருக்கிறது, அது சரிப்படுமா?

#2 பையோடு_பாண்டி

ஓக் ஆலி. யோசிக்கவே வேண்டாம். காலையில் திறந்த உடனே போய்விடுங்கள், மரவரிசைக்கு நடுவில் ஆள் இல்லாமல் படம் கிடைக்கும். மீதியெல்லாம் ஒரே மாதிரி வீடுதான்.

#3 இருவரிக்காரர்

ஒரே மாதிரி வீடுதான், சரி.
யார் கட்டிய வீடு என்று எங்கே சொல்கிறார்களோ அங்கே போங்கள்.

#4 நதிக்கரை_அக்கா

பேட்டன் ரூஜில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ரிவர் ரோட்டுக்கு டிரைவர் நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ஆற்றங்கரை மாளிகை என்று நினைத்துப் போவீர்கள், ஆறு கண்ணிலேயே படாது. வெள்ளத்துக்குப் பயந்து போட்ட உயரமான மண்கரை முழுக்க மறைத்துவிடும். சாலை, அந்தப் பக்கம் கரை, இந்தப் பக்கம் வீடு, வீட்டுக்குப் பின்னால் கரும்பு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நிலத்தை நாடா மாதிரி அளந்து கொடுத்தார்கள். ஆற்றோரம் குறுகலான முகப்பு, பின்னால் சதுப்பு நிலம் வரைக்கும் நீளம். எல்லோருக்கும் படகு கட்ட இடம் வேண்டுமே. ஒரே சாலையில் இத்தனை மாளிகைகள் அடுத்தடுத்து இருப்பதற்கு அதுதான் காரணம். இப்போது அதே நாடாக்களில் பலவற்றில் ரசாயன ஆலைகள் நிற்கின்றன. பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் நடுவில் 85 மைலில் சுமார் 150 ஆலைகள். 'கேன்சர் ஆலி' என்று இந்த வட்டாரத்தைச் சொல்வார்கள். காரில் போகும்போது அம்மா "இது என்ன நாத்தம்" என்று கேட்டால் அதுதான் பதில்.

இனி வீடுகள். ஓக் ஆலியில் 28 ஓக் மரங்கள், சுமார் 800 அடி நீளத்துக்கு. மரங்கள் வீட்டைவிட ஏறத்தாழ நூறு வருடம் மூத்தவை. வீடு 1837இல் தொடங்கி 1839இல் முடிந்தது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிமைகளாக இருந்தவர்களின் குடிசைகளையும் திரும்பக் கட்டிப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மரத்தடியில்தான் நிற்பார்கள்.

லாரா, கிரியோல் குடும்பத்து வீடு, அதாவது லூசியானாவிலேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சு வழியினர். வண்ணம் பூசிய மர வீடு, வெள்ளைத் தூண் கிடையாது. அந்தக் குடும்பத்துப் பெண் எழுதி வைத்த நினைவுக் குறிப்பை வைத்துக் கதை சொல்வார்கள். கைடு நன்றாக அமைந்தால் நாடகம் பார்த்த மாதிரி இருக்கும்.

விட்னி இவை இரண்டிலிருந்தும் வேறு. ஜான் கம்மிங்ஸ் என்ற நியூ ஆர்லியன்ஸ் வழக்கறிஞர் வாங்கி, தன் பணத்தில் பல வருடம் சீரமைத்து, 2014 டிசம்பரில் திறந்தார். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நிறுவனம் ரேயான் ஆலை கட்டுவதற்காக வாங்கி, எதிர்ப்பு வந்ததும் விட்டுப்போன நிலம் அது. செனகல் நாட்டு வரலாற்றாசிரியர் இப்ராஹிமா செக் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டார். 2019இல் கம்மிங்ஸ் எல்லாவற்றையும் லாபநோக்கற்ற அமைப்பிடம் கொடுத்துவிட்டார். அங்கே சுற்றுலா முழுவதும் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களைப் பற்றித்தான். முதலாளி வீடு கடைசியில் வரும்.

என் அளவுகோல் இதுதான்: பெரிய வீட்டை முதலில் காட்டுகிறார்களா, கடைசியில் காட்டுகிறார்களா? முதலில் காட்டினால் குடிசை பின்கட்டு ஆகிவிடுகிறது. கடைசியில் காட்டினால் அந்த வெள்ளிக் கரண்டியைப் பார்க்கும்போது உங்களுக்கு வேறு கணக்கு ஓடும்.

இரண்டு இடம் பார்க்கும் பஸ் டூர் வேண்டாம். முழங்கால் வலியோடு ஓட முடியாது. ஒரே ஒரு இடம், கைடு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நகரத்திலிருந்து ஒரு மணி நேரம்.

#5 பையோடு_பாண்டி

அக்கா, விடுமுறைக்கு வந்த வயதானவர்களை அழ வைத்துத்தான் அனுப்ப வேண்டுமா? அமெரிக்காவுக்கு வந்தால் நாலு நல்ல விஷயம் பார்த்துவிட்டுப் போகட்டுமே.

#6 நதிக்கரை_அக்கா

ராஜராஜன் கோயிலை யார் கட்டினார்கள் என்று நாம் கேட்பதில்லையா, அந்த மாதிரிதான் பாண்டி. அழத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மாமியார் அழவில்லை, கோபப்பட்டார். பக்கத்து வீட்டு அம்மா தூங்கிவிட்டார். ஆளுக்கு ஆள் மாறும்.

#7 சார்ல்ஸ்டன்_குடித்தனம்

லூசியானாதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். தென் கரோலினா பக்கம் வந்தால் மெக்லியாட் பிளாண்டேஷன் பாருங்கள். அங்கே பருத்தி, அதிலும் கடல் தீவுப் பருத்தி என்ற நீளமான இழை. அந்தக் கடலோரத்துக் கறுப்பினத்தவரான குல்லா மக்களின் கதையைச் சேர்த்துச் சொல்வார்கள். இங்கே பக்கத்தில் வேறு தோட்டங்கள் பூந்தோட்டம் என்ற பெயரில் ஓடுகின்றன. அசேலியா பூத்திருக்கும்போது கண்ணைப் பறிக்கும். சதுப்பை வெட்டி நெல் வயல் ஆக்கியது யார் என்று கேட்டால்தான் பதில் வரும். நெல் தெரிந்த மேற்கு ஆப்பிரிக்க மக்கள் இந்த வயல்களை உருவாக்கினார்கள், மடை வைத்து அலை ஏற்றத்தில் நன்னீரை உள்ளே விடும் முறையோடு. நெல் விளையும் ஊரிலிருந்து வந்த எனக்கு அந்த மடையைப் பார்த்ததும் காலே நகரவில்லை.

எங்களைக் கூட்டிப் போன ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) கைடு 45 நிமிடம் நாற்காலி, திரைச்சீலை, பீங்கான் பற்றியே பேசினார். அடிமைகளை 'வேலைக்காரர்கள்' என்று இரண்டு தடவை சொன்னார். கூட்டத்தில் இருந்த கறுப்பினப் பாட்டி ஒருவர் "அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்தச் சுற்றுலாவில் எனக்கு இன்னும் நினைவிருப்பது அந்த ஒரு கேள்விதான்.

#8 திருமணப்_புகைப்படக்காரர்

டல்லாஸில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். இந்த வீடுகளில் கல்யாணம் நடத்துவது பெரிய வியாபாரம். 2019 கடைசியில் பின்டரெஸ்ட், தி நாட் போன்ற தளங்கள் பிளாண்டேஷன் கல்யாணங்களை விளம்பரப்படுத்தும் விதத்தை மாற்றிக்கொண்டன. அதற்குப் பிறகு சில இடங்கள் பெயரிலிருந்து 'பிளாண்டேஷன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'எஸ்டேட்', 'ஹவுஸ்' என்று வைத்துக்கொண்டன. இடம் அதேதான். நான் மூன்று கல்யாணம் எடுத்திருக்கிறேன், ஒன்று நம் ஆட்கள் கல்யாணம். நாதஸ்வரம் எல்லாம் வைத்து. அப்போது எதுவும் தோன்றவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாட்டோவே வீடு 2025 மே 15 அன்று எரிந்துபோனதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

#9 நதிக்கரை_அக்கா

எப்படிப் பேசாமல் இருக்க முடியும். உள்நாட்டுப் போருக்கு முந்தைய தென்மாநில வீடுகளில் மிஞ்சியிருந்தவற்றில் மிகப் பெரியது அதுதான். 1859இல் முடித்த வீடு, 53,000 சதுர அடி, 64 அறை. விடுதியாகவும் கல்யாண மண்டபமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. 155 பேரை அடிமைகளாக வைத்திருந்த குடும்பத்தின் வீடு. எரிந்த அன்றைக்கு வலைத்தளங்களில் பாதிப் பேர் கொண்டாடினார்கள், பாதிப் பேர் கல்யாணப் படத்தைப் போட்டு அழுதார்கள்.

எனக்கு இரண்டும் வரவில்லை. செங்கல்லைச் சுட்டதும் மரத்தை அறுத்ததும் அவர்கள் கை. எரிந்தால் அந்தக் கைவேலையும் சேர்ந்துதானே போகிறது? அதே சமயம், அங்கே கல்யாணத்துக்குப் போய் மொட்டை மாடியில் ஷாம்பெயின் குடித்த யாரும் அந்தக் கைவேலையை நினைத்திருக்க மாட்டார்கள்.

#10 மலையகத்துமண்

டொரொண்டோவில் இருக்கிறேன், பிறந்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இந்த இழையில் எல்லோரும் 'பிளாண்டேஷன்' என்று எழுதுகிறீர்கள். எங்களுக்கு அது வெறும் 'தோட்டம்'. சென்னை நண்பர்களிடம் "தோட்டத்தில் பிறந்தேன்" என்றால் பூச்செடி என்று நினைப்பார்கள்.

நான் லாராவும் விட்னியும் போயிருக்கிறேன். குடிசை வரிசையைப் பார்த்ததும் எனக்கு லயம்தான் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஞாபகம் வந்தது. அங்கே ஒரே கூரை, இரண்டு குடும்பம், நடுவில் அடுப்பு. அங்கே மணி அடித்து வேலைக்குக் கூப்பிட்டார்களாம், எங்கள் அம்மாயி காலத்தில் தப்பு அடித்துப் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) கூப்பிட்டார்கள். அங்கே பெரிய வீடு, இங்கே துரை பங்களா. இப்போது அந்தப் பங்களாக்களும் சொகுசு விடுதிதான். வெள்ளைத் தொப்பி போட்ட பட்லர் தேநீர் ஊற்றுவார், ஜன்னலில் இருந்து பார்த்தால் கீழே லயம் தெரியும், அதில் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்று இல்லை. அம்மாயிக்குக் கொஞ்சமாவது கூலி இருந்தது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன் கழுத்தை நெரித்தது உண்மை, ஆனால் அவர் பிள்ளையைப் பிடுங்கி இன்னொரு தோட்டத்துக்கு விற்க யாருக்கும் உரிமை இல்லை. அங்கே அந்த உரிமை பத்திரப் பதிவோடு இருந்தது. "எங்களுக்கும் இதுதான் நடந்தது" என்று விட்னியில் ஒரு நம்மாள் கைடிடம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

#11 இருவரிக்காரர்

1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தக் குடிசைகளில் யார் இருந்தார்கள்?
அதே ஆட்கள், கூலிக்கு.

#12 மலையகத்துமண்

ஆமாம், அங்கேதான் கதை எங்கள் கதைக்குப் பக்கத்தில் வருகிறது. சம்பளத்தைத் தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கொடுத்தார்கள். பற்றுக் கணக்கு தீரவே தீராது. 1887இல் அந்தப் பக்கத்துக் கரும்புத் தொழிலாளர்கள் சுமார் 10,000 பேர், அரவைக்கு நடுவில் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஒரு நாளைக்கு 1.25 டாலர் கூலி, அதுவும் சீட்டாக இல்லாமல் பணமாக வேண்டும் என்று. நவம்பர் 23 அன்று திபடோ ஊரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் புகுந்து சுட்டார்கள். குறைந்தது 30 பேர் செத்தார்கள், அதைவிட நிறைய இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. ஓக் ஆலியிலிருந்து திபடோ ஒன்றும் தூரமில்லை, ஆனால் எந்த டூர் பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை.

#13 நெறியாளர்

தஞ்சாவூர்ப் பண்ணையாள் முறை பற்றி நடுவில் வந்த பதினேழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். நல்ல விவாதம், அங்கே தொடருங்கள். இங்கே கேள்வி கேட்டவருக்கு இன்னும் சாப்பாடு பற்றிப் பதில் வரவில்லை.

#14 பையோடு_பாண்டி

சாப்பாடு: கட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சாலையில் சைவம் என்று கேட்டால் கோழி தருவார்கள். ராஜ்மா மாதிரி சிவப்புப் பயறும் சோறும் பார்த்து ஆசைப்படாதீர்கள், உள்ளே பன்றித் தொத்திறைச்சி இருக்கும். புளியோதரைதான் பத்திரம். இந்த விஷயத்திலாவது என் பேச்சைக் கேளுங்கள்.

#15 பாகுபதம்

இழை கொஞ்சம் பழசாகிவிட்டது, ஆனால் அப்பா சர்க்கரை ஆலைக் கெமிஸ்ட் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அதே தொழில்தான்.

பழைய லூசியானா முறையில் சாறு காய்ச்சுவது நம்மூர் வெல்லம் காய்ச்சுகிற மாதிரியே. ஒரே அடுப்பின் மேல் நாலைந்து இரும்புக் கொப்பரை வரிசையாக, பெரியதிலிருந்து சிறியது வரை. பிரெஞ்சில் கிராண்ட், ஃபிளாம்போ, சிரோப், கடைசியில் பட்டரி. சாறு சுண்டச் சுண்ட நீளக் கரண்டியால் அடுத்த கொப்பரைக்கு அள்ளி ஊற்ற வேண்டும். கொதிக்கிற பாகு, இருட்டு, தூக்கமில்லாத ஆள். வெந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

இந்த முறையை ஒழித்தவர் நார்பர்ட் ரில்லியூ. 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அம்மா சுதந்திரமான கறுப்பினப் பெண், அப்பா வெள்ளையர். பாரிஸில் பொறியியல் படித்து அங்கேயே சொல்லிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். ஒரு பாத்திரத்தில் எழும் ஆவியை வைத்தே அடுத்த பாத்திரத்தைச் சூடாக்குவது, அடுத்ததில் அழுத்தத்தைக் குறைத்துக் குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைப்பது. 1843இல் காப்புரிமை வாங்கினார். அப்பாவிடம் சொல்லுங்கள், மல்டிபிள் எஃபெக்ட் எவாப்பரேட்டர் என்று. நம் ஆலைகளில் நாலு பாடி (கொதிக்க வைக்கும் பாத்திரம்) வரிசையாக நிற்கிறதே, அது இவருடையது.

அவர் கருவியை வாங்கிப் போட்டவர்களும் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகள்தான். சர்க்கரை நயமானது, விறகு மிச்சம், லாபம் கூடியது. நிறத்தைப் பார்க்கும் ஊரில் அவருக்கு இருப்பு சரிவரவில்லை, 1850களில் பிரான்சுக்கே போய்விட்டார். 1894இல் பாரிஸில் இறந்தார், பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருக்கிறார்கள்.

#16 ஆலைக்காரர்_மகன்

போய் வந்துவிட்டோம்! பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. விட்னிக்குத்தான் போனோம். நேரம் இருந்ததால் மறுநாள் காலை ஓக் ஆலிக்கும் போனோம் (பாண்டி, படம் எடுத்தேன், உங்களுக்காக). விவரமாக எழுதுகிறேன்.

அரவைக் காலம். ரிவர் ரோட்டில் திரும்பியதுமே முன்னால் கரும்பு லாரி. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை இழுத்தார். "மொலாசஸ்" (சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப் பாகு) என்றார். அப்புறம் வெட்டும் இயந்திரத்தைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் கிடந்த ஒரு கழியை எடுத்துக் கணுவை எண்ணினார். இங்கே உறைபனிக்கு முன்னால் வெட்டியாக வேண்டும், கரும்புக்கு ஒன்பது மாதம்தான் கிடைக்கிறது என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "முத்தாத கரும்பு. ரெக்கவரி எப்படி வரும்?" என்று கேட்டார். அன்று நாள் முழுவதும் அந்தக் கேள்வி விடவில்லை.

விட்னியில் எங்கள் கைடு நடுத்தர வயதுப் பெண், அந்த வட்டாரத்துக்காரர். தொடங்கும்போதே ஒரு விஷயம் சொன்னார். 'அடிமை' என்று ஆளைச் சொல்ல மாட்டேன், 'அடிமையாக வைக்கப்பட்டவர்' என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அது அவருடைய குணம் இல்லை, அவருக்கு யாரோ செய்தது. அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தமிழில் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவர வாய் கொஞ்சம் தடுமாறியது, அரை மணி நேரத்தில் பழகிவிட்டது.

முதலில் ஒரு சின்ன மரத் தேவாலயம். போருக்குப் பிறகு விடுதலையான மக்கள் கட்டியது, ஆற்றின் மறுகரையிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முதலில் அதன் பெயர் 'ஆன்டி யோக்', நுகத்தடிக்கு எதிரானது என்று பொருள். பிறகு ஆன்டியோக் ஆனது. உள்ளே குழந்தைகளின் சிலைகள், ஆள் உயரத்தில், பெஞ்சுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிற மாதிரி. 1930களில் அரசாங்கத்து ஆட்கள் ஊர் ஊராகப் போய், அடிமைகளாகப் பிறந்து அப்போது எண்பது தொண்ணூறு வயதில் இருந்தவர்களிடம் பேச்சை எழுதி எடுத்தார்களாம், 2,300 பேருக்கு மேல். எழுதியபோது கிழவர்கள், நடந்தபோது குழந்தைகள். அதனால்தான் குழந்தைச் சிலைகள். இதைச் சொன்ன பிறகு அம்மா ஒரு சிலைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், கால் வலி என்றார். கால் வலி அப்பாவுக்குத்தான்.

பிறகு பெயர்ச் சுவர்கள். இந்தத் தோட்டத்திலேயே இருந்த 350க்கும் மேற்பட்டவர்களின் பெயர் ஒன்றில். இன்னொரு பக்கம் லூசியானா முழுக்க இருந்தவர்கள், 107,000 பெயர்கள். குவென்டொலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியர் பழைய நீதிமன்றங்களில் கிடந்த பத்திரங்களை வருடக்கணக்காகப் படித்துத் தொகுத்தது. விற்ற பத்திரம், பாகப்பிரிவினை, கடன் அடமானம். பிரெஞ்சு, ஸ்பானிய எழுத்தர்கள் வழக்கப்படி ஆள் ஆப்பிரிக்காவில் எங்கிருந்து வந்தார், பம்பாராவா, காங்கோவா, என்ன வேலை தெரியும் என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். விலை சரியாக வர வேண்டுமே, அதற்காக. அந்த வியாபாரக் குறிப்புகளிலிருந்துதான் இன்று பேரப்பிள்ளைகள் ஊரைத் தேடுகிறார்கள்.

குடும்பப் பெயர் கிடையாது, மரீ, ழான், பியேர் என்று ஞானஸ்நானப் பெயர் மட்டும். அம்மா விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். "எத்தனை மரீ!" என்றார்.

அடுத்த இடத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் சின்ன வயதிலேயே இறந்த 2,200 குழந்தைகளின் பெயர்கள், தேவாலயப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை. நடுவில் குழந்தையைத் தூக்கி நிற்கும் ஒரு சிலை. எங்கள் குழுவில் சத்தமே இல்லை. அங்கிருந்து கைடு, அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் 1811இல் நடத்திய எழுச்சி பற்றிச் சொன்னார். ஜனவரி 8 இரவு, ஆற்றின் மறுகரையில் சார்ல்ஸ் டெலோண்ட் என்பவர் தலைமையில் கிளம்பி, வழியில் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தார்கள். சிலர் 200 பேர் என்கிறார்கள், சிலர் 500. இரண்டே நாளில் அடக்கிவிட்டார்கள். சுமார் 95 பேர் செத்தார்கள், தலைகளை ஆற்றோரம் கம்பங்களில் வைத்தார்கள். அதற்கும் அங்கே ஒரு நினைவிடம் உண்டு, பார்க்க விரும்பாதவர்கள் தள்ளி நிற்கலாம் என்று முன்பே சொல்லிவிட்டார். அம்மா தள்ளி நின்றார்.

கொப்பரைகள்! திறந்தவெளியில் வரிசையாகக் கிடந்தன. அப்பா குனிந்து ஒன்றின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார், சாண் போட்டு அளந்தார். கைடு கவனித்துவிட்டு "இந்த வேலை தெரியுமா?" என்று கேட்க, நான் மொழிபெயர்க்க, அப்பா நேராகக் கேட்டுவிட்டார்: "ரெக்கவரி என்ன?" அவருக்குப் புரியவில்லை. கரும்பின் எடையில் எத்தனை சதவீதம் சர்க்கரை என்று விளக்கினேன். அது தெரியாது என்றார் கைடு, ஆனால் வேறொன்று சொன்னார். அரவை தொடங்கினால் பதினாறு, பதினெட்டு மணி நேரம் வேலை, ராத்திரி பகல் அடுப்பு அணையாது, சர்க்கரைத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம், அதனால் நியூ ஆர்லியன்ஸ் சந்தையிலிருந்து ஆட்களை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 1808க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை, ஆகவே வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கத்துக் குடும்பங்களைப் பிரித்து ஆற்று வழியாகவும் கடல் வழியாகவும் அனுப்பினார்கள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஆலையில் அரவைக்கு மூன்று ஷிப்ட்" என்றார். அவ்வளவுதான்.

கடைசியில் பெரிய வீடு. அக்கா சொன்னது உண்மை. சுத்தமான, காற்றோட்டமான, அழகான வீடு. எனக்குச் சுவர் ஓவியத்தைப் பார்க்கவே பொறுமை இல்லை. வெளியே ஒரு இரும்பு மணி இருக்கிறது, விரும்பினால் அடிக்கலாம், அந்த மக்களின் நினைவாக. அம்மா போய் அடித்தார். கோயில் மணி மாதிரி ஒரு தடவை இழுத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

புளியோதரையைக் காரிலேயே சாப்பிட்டோம். அப்போதுதான் #15இல் இருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "முப்பத்தொரு வருஷம் அந்த எவாப்பரேட்டரைக் கட்டிக்கொண்டு அழுதேன். பாடத்தில் ஒரு வரி கூட இவர் பெயர் இல்லையே" என்றார். ரில்லியூ, ரில்லியூ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஓக் ஆலி பற்றிச் சுருக்கமாக. மரங்கள் படத்தில் வருவதைவிடப் பெரியவை, பாண்டி சொன்னது சரி. சாப்பாட்டு மேசைக்கு மேலே பெரிய மர விசிறி, கயிறு கட்டி ஒரு அடிமைப் பையன் இழுக்க வேண்டும். அதற்கு அவர்கள் சொன்ன பெயர் 'பங்கா', நம் நாட்டுச் சொல். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள், மற்றவர்களுக்கு ஏன் என்று தெரியவில்லை. பிறகு குடிசைப் பக்கத்தில் அன்டுவான் என்ற தோட்டக்காரரின் கதை. 1846-47 குளிர்காலத்தில் பீக்கன் என்ற கொட்டை மரத்தில் ஒட்டுக் கட்டி, கையாலேயே உடைக்கக் கூடிய மெல்லிய ஓட்டுக் காய் வரும்படி 16 மரங்களை உருவாக்கியவர். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்த ரகத்துக்குப் பரிசு. முதலாளி இறந்த 1848இல் எடுத்த சொத்துப் பட்டியலில் அன்டுவான் வயது 38, விலை 1,000 டாலர் என்று இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லை. அம்மா கடையில் பீக்கன் மிட்டாய் வாங்க எடுத்து, திரும்ப வைத்துவிட்டு, பிறகு மறுபடியும் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

#17 நதிக்கரை_அக்கா

தம்பி, அந்த மணியைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம் வந்தது. அவர் அடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். "வேலைக்குக் கூப்பிட்ட மணியை நான் எதற்கு அடிக்க வேண்டும்?"

அடுத்த தடவை வந்தால் டெஸ்ட்ரெஹானும் பாருங்கள், விமான நிலையத்துக்குப் பக்கம். 1811 எழுச்சியில் பிடிபட்டவர்களுக்கு விசாரணை நடந்த இடங்களில் ஒன்று அது.

#18 பையோடு_பாண்டி

படம் எங்கே?

அப்புறம், நான் போன வருடம் ஓக் ஆலிக்குப் போனபோது குடிசைப் பக்கமே போகவில்லை. அன்டுவான் பெயரை இங்கேதான் முதல் தடவை கேட்கிறேன்.

#19 பாகுபதம்

அப்பாவின் ரெக்கவரிக் கேள்விக்கு: அந்தக் கொப்பரை முறையில் சர்க்கரையில் நிறையப் பங்கு மொலாசஸோடு போய்விடும். அவர் சந்தேகப்பட்டது சரிதான். என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#20 ஆலைக்காரர்_மகன்

சொன்னேன். அவர் கேட்பது வேறு: பாரிஸில் யாராவது இருந்தால் ரில்லியூவின் கல்லறையை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? அவருடைய பழைய ஆலைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம்.

#21 லாஷப்பல்_கடைக்காரர்

நான் பாரிஸ்தான் அண்ணை. பெர் லாஷேஸ் எனக்கு மெட்ரோவில் கிட்ட. ஞாயிற்றுக்கிழமை கடை மத்தியானம் பூட்டினதும் போய்ப் பார்க்கிறேன்.

#22 லாஷப்பல்_கடைக்காரர்

போனேன். சரியான மழை, இடமும் பெரிசு. பிரிவு எண் தெரியாமல் சுத்தினதில் நேரம் போய்விட்டது, காவலாளி விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். அப்பாவிடம் பொறுக்கச் சொல்லுங்கோ. வாற ஞாயிறு காலமையே போறன்.